பவுடர் பூசிய மோட்டார்

"ஒன்னுமில்ல" என்று அவளிடம் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக நகர்ந்ததில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஒருமுறை என் அம்மாவின் காய்ச்சலுக்கு அப்படிச் சொல்லிக்கொண்டே மாத்திரையை எடுத்து நீட்டினார். துணைக்கு வந்திருந்த அவள், "ஒன்னுமில்லன்னா எதுக்கு மாத்திர குடுக்குறீங்க?" என்று கேட்டாள். டிரஸ்ஸர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவை உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கையில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அம்மா பத்து நாள் அங்கே கிடந்து பிழைத்து வந்தாள்.

அவள் பெயரை எழுத மாட்டேன். உயிரோடுதான் இருக்கிறாள், வாசிக்கிற பழக்கமும் உண்டு. ஒரு விவரம் பிசகினாலும் வீடு தேடி வந்து வாசலில் நிற்பாள். எனக்கு இந்த வயதில் அதெல்லாம் தாங்காது.

மம்பாவ் ஊரைத் தாண்டி உள்ளே போகும் ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே வயது. தொண்ணூறுகளின் நடுவில் செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். நான் பெட்டியில் அடுக்குகிறவள். அவள் பரிசோதனை மேசையில், செய்து வரும் மின்பலகைகளில் எது பழுது என்று பொறுக்குகிறவள். அந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் சரக்கு அவசரம் என்று சூப்பர்வைசர் வந்து, "ஓகே லா, எல்லாத்தையும் பாஸ் பண்ணிடு" என்பார். "ஓகே இல்ல லா" என்று அதே ராகத்தில் சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுப்பாள். அவளைத் திட்டவும் முடியாது. அவள் ஒதுக்கியது ஒன்றும் நல்லதாக இருந்ததில்லை.

தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது. மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம், ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து ரோட்டுச் சந்திக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அவள் மோட்டார், அதாவது மோட்டார் சைக்கிள், வாங்கினாள். தொழிற்சாலைவரை அதிலேயே போனோம், நான் பின்னால். தோட்டத்தில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் கப்சாய் என்று சொல்லும் சின்ன வண்டிகள். உதைத்தால் ஓடும், உதைக்காவிட்டாலும் பாதி நாள் ஓடும். இவள் வாங்கியதோ ரேடியேட்டர் வைத்து, தண்ணீர் ஊற்றி இஞ்சினைக் குளிரவைக்கும் பந்தய ஜாதி மோட்டார். முதல் சொந்தக்காரனுக்கு அலுத்துப்போய் கடையில் தூசி தின்றுகொண்டிருந்தது. "இது தண்ணி குடிக்கும், எண்ணெ குடிக்கும், ஒன் உசுரையும் குடிக்கும்" என்று மோட்டார் கடை முதலாளியான தவுக்கேயே தன் சரக்கைப் பற்றிச் சொன்னார். அவள் வாங்கிவிட்டாள்.

அவள் அப்பா மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவர். நூறு பேர் அவர் சொல்லுக்கு வாளி தூக்குவார்கள். அண்ணனுக்கு ரப்பர்ப் பாலை நிறுத்துச் சேர்க்கும் பால் ஸ்டோரில் வேலை. நல்ல மனிதன் என்றே வையுங்கள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கண்ணில் படுவதை எல்லாம் கேட்காமல் சரிசெய்துவிடுகிற மனிதன்.

மோட்டார் வந்த இரண்டாம் வாரமே அவன் கைவரிசையைக் காட்டினான். வண்டியில் இஞ்சின் எண்ணெய் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. நியூட்ரலில் சாவியைத் திருப்பினால் அது எரியும், கியர் போட்டால் அணையும். விளக்கு உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. ஒருநாள் காலை சாவியைத் திருப்பிய அவள், ஓட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, போகலாம்" என்றேன் பின்னாலிருந்து.

"லைட்டு எரியல."

"எரியலன்னா நல்லதுதானே?"

திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் இறங்கிவிட்டேன். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தாள். அடியில் நாலு விரல்கூட இல்லை. அண்ணன் வெளியே வந்து, "அது சும்மா சும்மா எரியுது, கண்ணு கூசுது. பல்ப புடுங்கிட்டேன்" என்றான், ஏதோ முள்ளை எடுத்துவிட்ட மாதிரி. அவள் கையை நீட்டினாள். அவன் சட்டைப்பையிலிருந்து பல்பை எடுத்துக் கொடுக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் மோட்டார் நிஜமாகவே ரோட்டில் நின்றது. ரேடியேட்டர் குழாயின் வளையம் தளர்ந்து தண்ணீர் எல்லாம் கொட்டிவிட்டது. தோட்டத்து லாரியில் வண்டியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்து லயத்து முன்னால் இறக்கினார்கள். மண்டோர் மகள் லாரியிலிருந்து இறங்குவதை லயமே நின்று பார்த்தது. அன்று சாயங்காலம் அவள் அப்பா தீர்ப்புச் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவர் பலகைச் சுவர், எல்லாம் கேட்டது.

"இன்னொரு தரம் இந்த மோட்டார் ரோட்டுல நின்னுச்சி, சாவி ஒன் அண்ணன்கிட்ட. நீ பால் வெட்டப் போ."

மண்டோர் சொல் மாறாது. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தச் சாவியும் அந்த மேசையும்தான். அது எனக்கு எவ்வளவு தெரியுமோ, அவள் அண்ணனுக்கும் அவ்வளவு தெரியும்.

குழாய் வளையத்தை இறுக்கியாயிற்று. இருந்தும் தினமும் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்தது. கடைக்காரர், "குறஞ்சா ஊத்திக்க லா, ஒன்னுமில்ல" என்றார். சொல்லக் கூடாத சொல்லைச் சொன்னார்.

"ஊத்துறது இருக்கட்டும் தவுக்கே. போனது எங்க போச்சு?"

இதுதான் அவள். மொத்தமும் இதுதான். சர்க்கரை டின்னில் குறைந்தாலும், கோயில் உண்டியலில் குறைந்தாலும், கூடப் பேசிக்கொண்டிருந்தவள் முகத்தில் சிரிப்பு குறைந்தாலும் அவளுக்கு அதே கேள்வி. பலருக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கும் இதுவே காரணம். குறைந்ததை நிரப்பிவிட்டால் போதும் என்று வாழ்கிறவர்கள்தானே நாமெல்லாம்.

தண்ணீர் எங்கே போகிறது என்று அவள் தேடிய தேடல் எங்கள் லயத்துக்குத் திருவிழாவாக இருந்தது. முதலில் வண்டிக்கு அடியில் பழைய பத்திரிகையை விரித்து வைத்தாள். காலையில் காகிதம் காய்ந்தே கிடந்தது. நிற்கும்போது ஒழுகவில்லை, அப்படியானால் ஓடும்போதுதான் என்றாள். கியர் எண்ணெயை ஒரு மூடியில் வடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். அது தே தாரேக் பால் தேநீரின் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தமாம். கலங்கவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறதா என்று என்னைப் பின்னால் நிற்கவைத்து இஞ்சினை முறுக்கினாள். புகை முழுதும் என் முகத்தில். வெள்ளை இல்லை, நீலம்தான், என் முகம் கறுப்பு.

கடைசியில் முகத்துக்குப் பூசும் பவுடர் டின்னை எடுத்துவந்தாள். குழாய், மூட்டு, பம்பு என்று ஓர் இடம் விடாமல் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினாள். சிரிக்காதவர் இல்லை. "மாப்பிள வீட்டுக்காரங்க எப்ப வர்றாங்க?" என்று என் சித்தப்பா கேட்டார். "வந்தா ஒங்களுக்கும் பூசி விடுறேன், சித்தப்பா" என்றாள் நிமிராமலே. அப்படியே மம்பாவ்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து வண்டியைச் சாய்த்துக் காட்டினாள். வெள்ளைப் பவுடரில் ஒற்றைக் கோடு ஈரமாகப் பின்னோக்கி ஓடியிருந்தது. அதன் தொடக்கம் தண்ணீர்ப் பம்பின் அடியில் ஓர் ஊசித்துளை.

"அந்த ஓட்டைய அடச்சிட்டா சரியாயிரும்ல?" என்றேன்.

"அது ஓட்டை இல்லடி. செஞ்சவனே வச்சது. உள்ள சீல் தேஞ்சிருச்சின்னு வெளிய சொல்றதுக்கு வச்ச வாயி. அத அடச்சா தண்ணி எஞ்சினுக்குள்ள போயிரும்."

சீல் சிரம்பானில் கிடைக்கவில்லை. வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றார் தவுக்கே. அந்த ஒரு வாரமும் காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை அளவு பார்த்து, பையில் தண்ணீர்ப் போத்தலோடு ஓட்டினாள். அளவு தெரிந்த ஒழுக்கு ஆபத்தில்லை என்பது அவள் கணக்கு.

இங்கேதான் எங்கள் தோட்டத்துப் பெருமையைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பால் ஊற்றினால் அடையாத ஓட்டை உலகத்தில் கிடையாது. தகரக் கூரை ஒழுகினால் ரப்பர்ப் பால். வாளி ஒழுகினால் பால். பந்து, செருப்பு, மழைக்கோட்டு, எல்லாவற்றுக்கும் பால்தான் மருந்து. ஊற்றினால் உறையும், உறைந்தால் ஒட்டும். தலைமுறை தலைமுறையாகக் கண்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அண்ணன் பால் பிடிக்கும் மங்கு நிறைய ரப்பர்ப் பாலோடு மோட்டார் பக்கம் உட்கார்ந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, துணியில் வடிகட்டிப் பொறுமையாக ஊற்றினான். தலை நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தான்.

"அவகிட்ட சொல்லாத, மூஞ்சத் தூக்குவா. நாளைக்கி ஒழுகலன்னா அவளே தெரிஞ்சிக்குவா."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். அவனுக்குப் பயந்து இல்லை. பால் அடைக்கும் என்று நானும் நம்பினேன். அதைவிட, ஒரே ஒரு தடவை அவள் தோற்றுப்போவதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. சொல்லிவிட்டேன், போதும்.

மறுநாள் விடியற்காலை ரேடியேட்டருக்குப் பக்கத்து டப்பாவில் தண்ணீர் அளவைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். "நேத்து வெளிய போயிட்டு வந்தோம், ஆனா கொறயலயே. யாராச்சும் தொட்டாங்களா?"

"தெரியலயே" என்றேன். சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

ரசா பக்கம் மேடு ஏறும்போது அவள் முதுகு விறைத்தது எனக்குத் தெரிந்தது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்தாள். முள் குறையவில்லை. சிவப்புக் கோட்டைத் தொடப்போகிற இடத்தில் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்து வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்னடி பண்ற! ரோட்டுல நின்னா சாவி போயிரும். இன்னும் கொஞ்ச தூரம்தான், மெதுவா போயிரலாம். வேலைக்கிப் போயிட்டா யாருக்குத் தெரியும்?"

"இதுக்குத் தெரியும்ல" என்று இஞ்சினைக் காட்டினாள்.

எங்கள் தொழிற்சாலை பஸ்ஸே எங்களைத் தாண்டிப் போனது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை வைத்தால் சுடாத அளவுக்கு இஞ்சின் ஆறும்வரை, அரைமணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அந்த அரைமணியில் நான் நூறு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு துணியைப் போட்டு மூடியைத் திறந்தாள். தண்ணீர் தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. விரலை விட்டு இழுத்தாள். வந்தது, வந்தது, ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் வந்தது. முகர்ந்து பார்த்தாள். பால் ஸ்டோர் நாற்றம் எனக்கும் அடித்தது. "தள்ளு" என்றாள்.

வெயில் ஏறும்வரை தள்ளினோம். தோட்டத்துக்குள் நுழைந்ததும் லயத்துக்குத் திரும்புவாள் என்று நினைத்தேன். நேராகப் பால் ஸ்டோருக்குத் தள்ளினாள்.

அது பால் நிறுக்கும் நேரம். வெட்டி முடித்த சனம் எல்லாம் வாளிகளோடு வரிசையில் நிற்கும். கணக்கெழுதும் கிராணி தராசுப் பக்கம் நோட்டோடு, அண்ணன் தொட்டிப் பக்கம், அப்பா நடுவில் இடுப்பில் கைவைத்து. அவள் மோட்டாரைக் கொண்டுபோய் வாளிகளோடு வாளியாக வரிசையில் நிறுத்தி ஸ்டாண்டு போட்டாள்.

"இதையும் நிறுங்க" என்றாள் கிராணியிடம்.

கிராணி பேனாவை மூடினார். "என்னா வெளயாட்டு இது?"

"வெளயாட்டு இல்ல. நம்ம தோட்டத்துப் பாலுதான். என் ரேடியேட்டர்ல இருக்கு." கையில் சுற்றி வைத்திருந்த ரப்பரை எடுத்துத் தராசுத் தட்டில் போட்டாள்.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் அப்பா கையை உயர்த்தியதும் அடங்கியது. அவர் தராசைப் பார்க்கவில்லை, மோட்டாரைத்தான் பார்த்தார்.

"ரோட்டுல நின்னுருச்சா?"

"நிக்கலப்பா. நான் நிறுத்துனேன்."

"ரெண்டும் ஒன்னுதான்."

"எப்படி ஒன்னாவும்? தானா நின்னிருந்தா எஞ்சின் செத்திருக்கும். நான் நிறுத்துனதால இன்னும் உசுரோட இருக்கு. கண்ணு முன்னால முள்ளு ஏறுது, பாத்துக்கிட்டே ஓட்டச் சொல்றீங்களா?"

அவர் மகன் பக்கம் திரும்பினார். மகன் தொட்டியைத் துடைத்துக்கொண்டே, "எவன் ஊத்துனானோ, யாருக்குத் தெரியும்" என்றான்.

அவள் யாரையும் பார்க்காமல் நின்றாள். என்னையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை எனக்கு வீம்பு வந்திருக்கும். பார்க்காததால்தான் வாய் திறந்தது.

"அண்ணந்தான் ஊத்துனாரு. நான் பாத்தேன்."

"ஒழுகுதேன்னுதான் ஊத்துனேன்! பால் ஊத்துனா அடையும்ல?" என்று அவன் வரிசையைப் பார்த்துக் கேட்டான். "அடையுந்தான்" என்று இரண்டு மூன்று பேர் பரிதாபமாக ஒத்து ஊதினார்கள்.

"அடஞ்சிருச்சிண்ணே. தண்ணி ஓடுற வழியெல்லாம் அடஞ்சிருச்சி, ஒழுகுற எடத்தத் தவர. ஊத்துனது தெரியாத்தனம், சரி. கேக்காம ஊத்துன பாரு, அது என்னாது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவள் அப்பா, நூறு பேர் முன்னால் தன் சொல்லைத் தானே விழுங்க முடியாத மண்டோர், மெதுவாகக் கையை நீட்டினார். "சொன்னது சொன்னதுதான். சாவியக் குடு."

அவள் சாவியைக் கைக்குள் மூடினாள். அந்த மனிதரிடம் பெரிய ஆண்களே 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"குடுக்க மாட்டேன்பா. தப்பு செஞ்சவங்ககிட்ட சாவியக் குடுக்கச் சொல்லாதீங்க. நாளைக்கி நடந்து போயி பஸ் ஏறுவேன். ஆனா வேலைக்கிப் போவேன். மோட்டார நானே செஞ்சி நானே ஓட்டுவேன். அடிக்கிறதுன்னா இங்கயே அடிங்க, எல்லாரும் பாக்கட்டும்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. வாளியில் பால் உறைந்துவிடுமே என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அவர் கையை இறக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிராணியிடம் சொன்னார்:

"அடுத்த வாளிய நிறுங்க."

அவ்வளவுதான். சாவியைப் பற்றி அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் பேசவில்லை. தொழிற்சாலையில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பழைய ரேடியேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, சீலும் வந்து, எல்லாவற்றையும் தானே மாட்ட இரண்டு வாரம் ஆனது. பின்னாளில் அவள் சி ரூசா கடற்கரைப் பக்கம் கல்யாணமாகிப் போனபோதும் அந்த மோட்டாரில்தான் போனாள், மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் யாரோ ஒருவனுடைய மோட்டாருக்கு அடியில் ரேடியேட்டர் தண்ணீர் பச்சை நிறத்தில் தேங்கியிருந்ததைப் பார்த்து, அவன் குளித்துவிட்டு வரும்வரை ஒரு மணி நேரம் வெயிலில் காவல் நின்றாளாம். மாப்பிள்ளை என்னிடம் புலம்பினார்.

ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு மோட்டார் கிளம்பியபோது அவள் என் வீட்டு முன்னால் நிற்கவில்லை. ஸ்டோரிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அன்றே ஒன்று சொல்லியிருந்தாள். "எறங்குன பொறவு சொன்ன. ஏறுறதுக்கு முன்னாடி கேட்டேன்ல?" ஒரு மாதம் என்னைத் தாண்டிப் போனாள். நான் மூன்று கட்டை நடந்தேன். கோபித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

ஒரு நாள் காலை அவள் வண்டியைக் கிளப்பும்போது பின்சக்கரம் என் கண்ணில் பட்டது. ஓடிப்போய் வழி மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றேன். முன்சக்கரம் என் பாவாடையைத் தொட்டு நின்றது.

"என்னா?"

"பின் டயர்ல ஆணி ஏறியிருக்கு. ஓட்டாத."

"நேரமாச்சி. விடு."

"விட மாட்டேன். எறங்கிப் பாரு."

ஒரு மாதத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு இறங்கி, குந்தி, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஆணியின் தலையைத் தடவினாள். எழுந்து தன் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு, ஹேண்டிலில் ஒரு பக்கத்தை எனக்காக விட்டுவிட்டு மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.